இயந்திரப் படகின் எண்ணெய்த் தொட்டி

சிறு படகொன்றை விலைக்குக் கொள்வோர் அதன் நீளத்தையும் இயந்திரத்தின் குதிரைத் திறனையும் வினவுவரேயன்றி, படகோட்டிகள் டாங்கி என்று கூறும் எண்ணெய்த் தொட்டி எவ்விடத்தில் அமைந்துள்ளது என்று வினவுவார் அரியர். நாமும் அவ்வாறே இருந்தோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் காணச் சென்ற ஒரு மாலைப்பொழுதில் நேர்ந்த இடரே இப்பொருளை ஆராயுமாறு நம்மைத் தூண்டிற்று.

காயலினின்று திரும்பும்போது கதிரவன் சாய்ந்துவிட்டான். நீர் வற்றிக் கடலை நோக்கி இழுக்கும் வேளை அது. இருட்டுமுன் கரைசேர எண்ணிய படகோட்டி விரைவைக் கூட்டினார், அணியம் மேலெழுந்தது, சிறிது தூரம் சென்றதும் இயந்திரம் இருமி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தார், உடனே எழுந்தது. விரைவைக் கூட்டினார், மீண்டும் நின்றது. இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. தொட்டியை அசைத்துப் பார்த்தோம். மூன்று லிட்டர் அளவிற்குப் பெட்ரோல் உள்ளே அலம்பியது. எண்ணெயில் குப்பை சேர்ந்திருக்கும் என்று படகோட்டி குழாயைக் கழற்றலானார். அதற்குள் படகு முகத்துவாரத்தை நோக்கி மிதந்து செல்லத் தொடங்கிற்று. உடன் வந்த முதிய மீனவர் ஒருவர், அதுகாறும் வாய் திறவாதவர், "தம்பி, டாங்கியைத் திருப்பிப் போடு" என்றார். திருப்பி வைத்தனர். பிறகு இயந்திரம் கரைசேரும்வரை நிற்கவில்லை.

இதன் காரணம் கணக்கிட்டால் எளிதில் விளங்கும். அத்தகைய தொட்டி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடையது. மூன்று லிட்டர் எண்ணெய் அதன் அடியில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழமே நிற்கும். படகு விரையும்போது அணியம் ஆறு பாகை உயர்ந்தாற் போதும். அவ்வெண்ணெய் முழுவதும் பின்பக்கம் சரிந்து ஆப்பு வடிவாய்த் தேங்க, முன்பக்கத்து அடித்தளம் உலர்ந்துவிடும். எண்ணெயை உறிஞ்சும் குழல் முன்பக்கத்தில் இருக்குமாறு தொட்டியை வைத்திருந்தமையால் அது காற்றையே உறிஞ்சியது. இயந்திரம் நின்றதும் படகு சமநிலை எய்தும்; எண்ணெயும் முன்னே வரும்; இயந்திரம் எழும். எண்ணெய்க் குழல் எப்பொழுதும் பின்பக்கம் இருத்தல் வேண்டும் என்னும் விதி இதனின்று பெறப்படும். தொட்டியின் அளவுகாட்டியும் இவ்வாறே ஓடும் படகில் ஒன்று காட்டும், நிற்கும் படகில் வேறொன்று காட்டும். ஆதலின் அளவை நிற்கும்போதே பார்த்தல் நன்று.

இனி, தொட்டியைப் படகில் எங்கு வைப்பது? பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 740 கிராம் எடையுள்ளது. எனவே 60 லிட்டர் கொண்ட தொட்டியில் எண்ணெய் மட்டுமே 44 கிலோகிராம் ஆகும். ஆறு மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் படகில் பின்பலகையின்மேல் 40 கிலோகிராம் எடையுள்ள இயந்திரம் தொங்குகின்றது. அதன் அருகே ஓட்டுபவர் அமர்கின்றார். தொட்டியையும் அங்கேயே வைப்பது வழக்கமாயிற்று. குழாய் குட்டையாய் அமைதலே அவ்வழக்கத்தின் ஒரே நன்மை. பின்முனை தாழ்ந்து அணியம் வானோக்கி நிற்க, படகு தான் எழுப்பிய அலையின்மீது தானே ஏற முயன்று எண்ணெயை வீணாக்கும். அதே தொட்டியை இரண்டு மீட்டர் முன்னே நகர்த்தினால், 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முன்னே வந்து அமர்ந்ததற்கு ஒப்பாகும். படகேறிப் பழகியவர் இவ்வேறுபாட்டை இருக்கையிலேயே உணர்வர்.

ஆயின் அணியத்திலேயே கொண்டுபோய் வைத்தலும் தவறே. முகம் கனத்த படகு அலையில் மூழ்கும். பின்னலை தள்ளும்போது ஒருபுறம் திரும்பிவிடும். தொட்டியும் ஓயாமல் மோதுண்டு அதன் இணைப்புக்கள் தளரும். எண்ணெயின் எடை நிலையான எடையன்று என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். புறப்படுகையில் 44 கிலோகிராமாய் இருந்தது திரும்புகையில் பத்துக்கும் குறைவாகலாம். ஆகவே படகின் எடை மையத்திற்கு அண்மையில், கூடியவரை தாழ்வாக, நடுக்கோட்டின்மேல் தொட்டியை அமைத்தால், எண்ணெய் நிறைந்தாலும் குறைந்தாலும் படகின் நிலை மாறாது.

தொட்டியின் வடிவமும் பொருட்டானது. பாதி நிறைந்த தொட்டியில் எண்ணெய் படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். இக்கேடு தொட்டியின் அகலத்தினது மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி வளர்வது. அகலத்தை நடுவே முழுத்தடுப்பால் இரண்டாக்கினால் கேடு கால்பங்காகக் குறையும். துளையுள்ள தடுப்போ எண்ணெயின் ஓட்டத்தைத் தாமதிக்குமேயன்றி முற்றும் தடுக்காது. எனவே தொட்டி குறுக்கே ஒடுங்கி நெடுக்கே நீண்டிருத்தல் நலம். ஆனால் நெடுக்கே நீண்டால் முன்சொன்ன முன்பின் சரிவு மிகும். ஒரு நோய்க்கு மருந்து மற்றொன்றை வளர்ப்பதுபோல் இருக்கின்றது. குறுக்குத் தடுப்புக்களை வைத்தும் குழலைப் பின்கோடியின் ஆழத்தில் இறக்கியும் படகு கட்டுவோர் இதனை ஒருவாறு சமாளிக்கின்றனர்.

ஓலே எவின்ரூடு 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த புற இயந்திரத்தில் தொட்டி இயந்திரத்தின்மேலேயே இருந்தது. எண்ணெய் தன் எடையால் கீழிறங்கியது. தனித்தொட்டியும் குழாயும் பரவியது பின்னரே. தனித்தொட்டி இயந்திரத்தினும் தாழ்ந்திருத்தலே தக்கது. உயர்ந்திருப்பின் குழாய் அறுந்தவுடன் எண்ணெய் முழுவதும் படகின் அடியில் கொட்டிவிடும்.

அடியில் கொட்டிய பெட்ரோலே படகிற்குப் பெரும்பகை. அதன் ஆவி காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையில் வண்டியினின்று ஒழுகினால் பரந்து போய்விடும், படகிலோ கிண்ணத்தில் நீர்போல் அடித்தளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பொறிபட்டு வெடிக்கவல்லது. ஆதலின் தொட்டியின் காற்றுப்போக்குக் குழாய், நிலையான தொட்டியாயின், படகிற்கு வெளியே திறத்தல் வேண்டும். டீசல் இவ்வளவு எளிதில் தீப்பற்றாது. 1886ஆம் ஆண்டில் கோட்லீப் டைம்லர் ஜெர்மனியில் நெக்கர் ஆற்றில் தம் இயந்திரப் படகைச் செலுத்தியபோது, மக்கள் பெட்ரோலுக்கு அஞ்சுவர் என்றெண்ணிக் கம்பிகளையும் பீங்கான் காப்பிகளையும் படகைச் சுற்றிக் கட்டி, மின்சாரப் படகென்று தோன்றச் செய்தனர் என்பர். அம்மக்களின் அச்சத்தை நாம் நகையாடுவதற்கில்லை.

கையில் தூக்கும் தொட்டியைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்பவேண்டும். சிந்துவதும் ஆவியும் கரையோடு போகும். கழுத்துவரை நிரப்பலும் ஆகாது. பெட்ரோல் ஒரு பாகை வெப்பத்திற்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். விடியற்காலையில் 25 பாகையில் நிரப்பிய 25 லிட்டர் தொட்டி நண்பகல் வெயிலில் 45 பாகைக்கு உயர்ந்தால் அரை லிட்டர் மிகும். அது வெளியேதான் வரும்.

எண்ணெய்ச் செலவிற்கு வருவோம். பத்துக் குதிரைத் திறனுள்ள நான்கடிப் பெட்ரோல் இயந்திரம் முழு விசையில் ஒரு மணிக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு லிட்டர்வரை கொள்ளும். ஆனால் முழு விசையில் ஓட்டுதல் எப்பொழுதும் வேண்டுவதன்று. நீரைப் பிளந்து செல்லும் படகிற்கு அதன் நீளமே ஓர் எல்லை வகுக்கின்றது. படகெழுப்பும் அலை படகளவு நீளமாகும் விரைவே அவ்வெல்லை. நீர்க்கோட்டில் ஆறு மீட்டர் நீளமுள்ள படகிற்கு அது மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். வில்லியம் புரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1870களில் மாதிரிக் கலங்களை நீர்த்தொட்டியில் இழுத்து இத்தகைய தடைகளை அளந்தறிந்தார். அவ்வெல்லைக்குட்பட்ட விரைவில் வேண்டப்படும் திறன் ஏறத்தாழ விரைவின் மும்மடிப் பெருக்கமாய் வளரும். பத்துக் கிலோமீட்டரை எட்டாகக் குறைத்தால் மணிக்காகும் எண்ணெய் பாதியாகும். அதே தூரத்தைக் கடக்கக் காலம் கூடினும், மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்கு மிஞ்சும். எல்லையை நெருங்கியபின் தடை இன்னும் செங்குத்தாய் உயரும்.

எவ்வளவு எண்ணெயுடன் புறப்படவேண்டும் என்பதற்குக் கடலோடிகள் வகுத்த அளவொன்று உண்டு: போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால் மற்றொரு பங்கு. குழலுக்கு எட்டாத அடியெண்ணெயைக் கணக்கில் சேர்த்தல் கூடாது. அன்று நாம் கரையில் இறங்கியபின், காலையில் தொட்டியில் எவ்வளவு இருந்தது என்று படகோட்டியை வினவினோம். "பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்துச்சு ஐயா" என்றார். முதியவர் ஒன்றும் கூறாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.