பரந்தன் வெயிலும் லக்சபான தண்ணீரும்

1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன நம் சொந்தபந்தங்கள் பலர் பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார்கள். அங்கே அடிக்கிற வெயிலில் சோலார் கரண்ட் எடுப்பது சுலபம். அதைப் பொது லைனில் சேர்ப்பதுதான் கஷ்டம். ஏன்?

பீலித் தண்ணியைப் போல லைன் கரண்ட்டைப் பிடித்து வைக்க முடியாது. செலவாகிற அளவு அந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் கோளாறு ஏற்பட்டு நாடே இருண்டது. அன்று பாவனை குறைவு, சோலார் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் பாரமான சுழலிகள் குறைவாகவே ஓடின. அதனால் அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலாரைப் பகல் 3 மணிவரை நிறுத்தும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

வழி என்ன? பகலில் வன்னி வெயில் கரண்ட் தரட்டும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை தண்ணீர் மிச்சமாகட்டும். பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் லைட் போடும்போது அதே தண்ணீர் லக்சபான சுழலிகளைச் சுற்றட்டும். மிஞ்சும் பகல் கரண்ட்டைப் பெரிய பேட்டரிகளில் சேர்த்தால், கோளாறு வந்த நொடியே அவை கைகொடுக்கும்.

சோலார் போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பேட்டரி இல்லாத சோலார், லைன் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. கரண்ட் போன நேரத்திலும் லைட் வேணும்னா, பேட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் உண்டா என்று காசு கட்டுமுன் கேளுங்கள்.