சின்னக் கைக்கு ஓர் எண்காலி

இலண்டன் குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின், பேரப்பிள்ளைகள் பாடசாலையால் வரும்வரை வீட்டில் தனித்திருக்கும் தாய்மார் பலர். அவர்களுள் தையலிலும் பின்னலிலும் கைதேர்ந்தவர்கள் உண்டு. குறோசே ஊசியைத் தொட்டே அறியாதவர்களும் உண்டு. இரு சாராருக்கும் ஏற்ற சிறு கைப்பணி ஒன்று இருக்கிறது. ஒரு நூற்பந்தும் ஒரு கொழுக்கி ஊசியும் இருந்தால் நாலைந்து மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். அதுதான் நூலாற் பின்னிய சிறிய எண்காலி.

எண்காலி என்பது ஆங்கிலத்தில் ஒக்ரோபஸ் எனப்படும் கடற்பிராணி. தமிழ்க் கரையோர மீனவர் இதனைப் பேய்க்கணவாய் என்றும் சாக்குக்கணவாய் என்றும் அழைப்பர். உடம்பில் ஓர் எலும்பும் இல்லை; இருதயங்கள் மூன்று; குருதியோ நீலநிறம். பெயர் பேயானாலும், நூலில் வடித்தால் இதைப் போல் சாதுவான பொம்மை வேறில்லை.

இந்தப் பொம்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 2013ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கென நூல் எண்காலிகளைப் பின்னி வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கும் தொண்டர் முயற்சி ஒன்று தொடங்கியது. அது பல நாடுகளுக்கும் பரவியது. இங்கிலாந்தில் டோர்செற் மாவட்டத்திலுள்ள பூல் வைத்தியசாலையின் குழந்தைப் பிரிவு இவற்றை ஏற்றுக்கொண்ட செய்தி 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் வெளியானது.

முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்பர். மிக முந்திப் பிறந்த சில பிள்ளைகள் கடையில் வாங்கும் ஒரு கிலோ சீனிப் பையின் நிறைகூட இரா. மூக்கிலும் கையிலும் குழாய்களும் கம்பிகளும் பொருத்தியிருக்கும். பிள்ளையின் விரல்களோ எட்டியதைப் பற்றி இழுக்கும். அருகில் எண்காலியின் சுருண்ட கால் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு குழாயை விட்டுவிடுகிறது என்பதே அங்கு சொல்லப்பட்ட பயன். அந்தக் கால்கள் கருவறையில் பிள்ளை பிடித்து விளையாடிய கொப்பூழ்க்கொடியை நினைவூட்டுகின்றன என்றும் சொல்வர். கேட்க இனிய விளக்கந்தான். ஆயினும் வைத்திய ஆய்வுகளால் உறுதியாக நிறுவப்பட்ட உண்மை அன்று. இதை அறிந்தே ஊசியை எடுப்பது நல்லது.

இவ்வளவு சிறிய உயிரின் பக்கத்தில் வைக்கும் பொருள் என்பதால், பின்னுபவரின் பொறுப்புப் பெரிது. பின்னல் தளர்ந்தால் உள்ளே அடைத்த பஞ்சு வெளிவரும். கண்ணுக்குப் பொத்தான் வைத்தால் ஒருநாள் கழன்று தொண்டையில் அடைக்கும். கால் நீண்டால் கழுத்தைச் சுற்றும். இம்மூன்று பிழைகளுக்கும் இடமின்றிச் செய்வதே இக்கைப்பணியின் உயிர். அழகு அதற்குப் பின்புதான்.

வேண்டிய பொருள்கள்

நூல்: முழுப் பருத்தி நூல், டபிள் நிற்றிங் பருமனில் 50 கிராம் பந்து ஒன்று போதும். கம்பளி நூல் வேண்டாம். வைத்தியசாலைக்குப் போகும் பொம்மை 60 பாகை வெந்நீரிற் தோய்க்கப்பட வேண்டியது, கம்பளியோ அந்தச் சூட்டிற் சுருங்கிவிடும்.

ஊசி: 3 மில்லிமீற்றர் கொழுக்கி ஊசி. நூலின் உறையில் 4 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தாலும் சிறியதையே எடுக்க வேண்டும். பின்னல் நெருக்கமாக வருவதற்கு அதுவே வழி. பழைய பெட்டியில் கிடக்கும் ஊசியை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஆங்கிலேய இலக்க முறையில், இலக்கம் கூடக் கூட ஊசி சிறுக்கும்.

அடைப்பதற்கு: தோய்க்கக்கூடிய பொலியெஸ்ரர் பஞ்சு. ஊரிலே தலையணைக்கு இடும் இலவம்பஞ்சோ சாதாரண பருத்திப் பஞ்சோ தோய்த்தவுடன் கட்டியாகிவிடும்.

இவற்றோடு கண் தைக்கக் கறுப்புப் பருத்தி நூல், பருத்த தையலூசி, கத்தரிக்கோல், சுற்றின் தொடக்கத்தை அடையாளமிட வேற்று நிற நூற்துண்டு ஒன்று.

இரண்டே தையல்கள்

முதலாவது சங்கிலித் தையல். நூலில் ஒரு சுருக்கு வளையம் இட்டு ஊசியில் மாட்டுக. நூலைக் கொழுக்கியாற் பிடித்து அவ்வளையத்தினூடே இழுத்தால் ஒரு சங்கிலி.

இரண்டாவது, இந்நாட்டுப் புத்தகங்கள் டபிள் குறோசே எனச் சொல்லும் தையல். ஊசியை முந்திய தையலின் இரு இழைகளுக்கும் கீழாகச் செலுத்தி, நூலைப் பிடித்து வெளியே இழுக்க, ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலைப் பிடித்து அவ்விரண்டினூடும் ஒருசேர இழுத்தால் ஒரு தையல். அமெரிக்கப் புத்தகங்கள் இதே தையலைச் சிங்கிள் குறோசே என்கின்றன. பெயர் ஒன்றாயிருந்து தையல் வேறாவதால் பலரின் பொம்மைகள் தளர்ந்து பெருத்துவிடுகின்றன. ஆகவே எந்த நாட்டுப் புத்தகம் என்று பார்த்தே தொடங்க வேண்டும்.

ஒரே தையலுக்குள் இரண்டு தையல் இட்டால் அது கூட்டல். இரண்டு தையல்களில் ஒவ்வொரு வளையம் இழுத்து, ஊசியில் மூன்று வளையங்கள் ஆனதும் மூன்றினூடும் ஒருசேர நூலை இழுத்தால் அது குறைத்தல். இவ்வளவே பாடம்.

தலை

இரண்டு சங்கிலி போட்டு, முதலிற் போட்ட சங்கிலிக்குள் 6 தையல் இடுக. இது முதற் சுற்று. சுற்றை மூடாமல் நத்தையோடு போல் தொடர்ந்து சுற்றிவர வேண்டும்.

2ஆம் சுற்று: ஒவ்வொன்றிலும் கூட்டல், மொத்தம் 12.
3ஆம் சுற்று: ஒரு தையல், ஒரு கூட்டல் என மாறிமாறி; 18.
4ஆம் சுற்று: இரண்டு தையல், ஒரு கூட்டல், 24.
5ஆம் சுற்று: மூன்று தையல், ஒரு கூட்டல், 30.
6 முதல் 11 வரையான சுற்றுகள்: கூட்டாமலும் குறைக்காமலும் 30.
12ஆம் சுற்று: மூன்று தையல், ஒரு குறைத்தல், 24.
13ஆம் சுற்று: இரண்டு தையல், ஒரு குறைத்தல், 18.
14ஆம் சுற்று: ஏழு தையல், ஒரு குறைத்தல், இவ்வாறு இருமுறை, 16.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித் தமிழில் எண்ணச் சொன்னால், முப்பது வரை எண்ணத் தெரியாத பிள்ளையும் ஆறு சுற்றில் எண்ணப் பழகிவிடும்.

கால்கள்

நூலை அறுக்காமலே 30 சங்கிலி போடுக. ஊசியிலிருந்து எண்ணி இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, தலை வரையும் ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டிரண்டு தையல் இட்டு வருக. பின் தலையின் அடுத்த இரு தையல்களில் ஒவ்வொரு தையல் இடுக. முதற் கால் முடிந்தது. பதினாறு தையலில் இவ்வாறு எட்டுக் கால்கள் அமையும். இறுதியில் நூலை ஒரு முழ நீளம் விட்டு அறுக்க வேண்டும். அடிப்பாகம் தைப்பதற்கு அது உதவும்.

காலை நீட்டிப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வரும். கைத்தளர்ச்சியால் சிலருக்குச் சற்று நீளலாம். 22 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது குறைமாதக் குழந்தைகளுக்கான எண்காலிகளில் கைக்கொள்ளப்படும் விதி.

கண்ணும் அடியும்

பஞ்சு அடைக்குமுன்னரே கண்களைக் கறுப்பு நூலால், 9ஆம் 10ஆம் சுற்றுகளின் மேல் தைத்துவிட வேண்டும். அப்பொழுதுதான் முடிச்சுகள் உள்ளே மறையும். பின் பஞ்சைச் சிறிது சிறிதாக அடைக்க வேண்டும். அதிகம் அடைத்தால் தையல்கள் விரிந்து பஞ்சு தெரியும்.

அடிக்கு ஒரு வட்டத் துண்டு: முதற் சுற்று 6, இரண்டாம் சுற்று 12, மூன்றாம் சுற்றில் இரண்டு தையல், ஒரு கூட்டல் என நான்கு முறை, மொத்தம் 16. தலையின் வாயிலும் பதினாறே. இரண்டையும் தையலுக்குத் தையல் பொருத்தி, ஒருமுறைக்கு இருமுறை தைத்து, நூல்முனையைப் பல இடத்தில் ஊடுருவ விட்டு மறைக்க வேண்டும்.

கால் ஏன் சுருள்கிறது?

நேராகப் பின்னிய கால் தானாகவே திருகிச் சுருள்வதைக் கண்டு புதியவர்கள் பிழையென்று எண்ணுவதுண்டு. பிழையன்று. 29 சங்கிலியில் 58 தையல்களை இட்டிருக்கிறோம். அத்தனைக்கும் நேர்கோட்டில் இடமில்லை. ஆகவே அது சுருண்டு இடந்தேடுகிறது. கடற்பாசியின் ஓரமும் பவளத்தின் மடிப்பும் நெளிவது இதே காரணத்தினால்.

இந்தச் சிறு உண்மையைப் பெரிய கணித வகுப்புக்குக் கொண்டு சென்றவர் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்து டைனா தைமினா. காகிதத்திற் காட்டுவதற்குக் கடினமான ஒருவகை வளைந்த தளத்தை, அவர் 1997ஆம் ஆண்டில் குறோசேயிற் பின்னி மாணவரின் கையிற் கொடுத்தார். அதைக் கண்ட அவுஸ்திரேலியச் சகோதரிகளான மார்கரெட் வேர்தைமும் கிறிஸ்டீன் வேர்தைமும் 2005இல் நூலாற் பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். கடல் வெப்பமடைவதால் தம் நாட்டுப் பவளப்பாறைகள் வெளிறி அழிவதை உலகுக்குச் சொல்வதே அவர்கள் நோக்கம். 2008ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நூற்பாறை இலண்டன் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹேவார்ட் கலைக்கூடத்திற்கும் வந்தது. இந்நாட்டுப் பெண்கள் பலர் பின்னிய துண்டுகளும் அங்கு வைக்கப்பட்டன. கணிதம் படியாத கைகளும் அந்தக் கணிதத்தைச் செய்து காட்டின.

பொழுதுபோக்கு என்ற சொல்

குறோசேயைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்குவது எளிது. 1840களில் அயர்லாந்தை வாட்டிய பஞ்சத்தின்போது பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது இந்த ஊசியே. ஆந்திராவில், கோதாவரிக் கரையோரத்து நரசாப்பூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குறோசே சரிகை பின்னி ஏற்றுமதிக்குக் கொடுத்தனர். அவர்கள் நாள் முழுவதும் செய்த வேலை, ஓய்வுநேர வேலை என்றே கணக்கிடப்பட்டதை ஜேர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் இலண்டனில் வெளியான தமது நூலில் எடுத்துக் காட்டினார். அந்தச் சரிகைக்குப் புவிசார் குறியீடு 2024ஆம் ஆண்டில் கிடைத்தது.

இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். மேலங்கி பின்னும் இயந்திரங்கள் எத்தனையோ வந்துவிட்டன. மெய்யான குறோசேயைப் பின்னும் இயந்திரம் இன்னும் தொழிற்சாலை வழக்கிற்கு வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குறோசே பொம்மையும் எங்கோ ஒருவர் கையால் பின்னியதே.

கொடுக்குமுன்

வைத்தியசாலைக்குக் கொடுக்க விரும்புவோர் பின்னத் தொடங்குமுன்னரே குழந்தைப் பிரிவினரைக் கேட்டறிய வேண்டும். கிருமித்தொற்றுக்கு அஞ்சி ஏற்காத இடங்களும் உண்டு. ஏற்பவர்களும் தத்தம் விதிகளின்படியே ஏற்பர். மறுத்தால் மனம் நோக வேண்டியதில்லை.

வீட்டுப் பேரப்பிள்ளைக்கு என்றால் இதைவிடக் கவனம் தேவை. வைத்தியசாலையில் தாதிமார் இரவுபகலாகக் கண்காணிக்கிறார்கள், வீட்டில் அப்படியில்லை. தொட்டிலில் திடீர் மரணங்களைத் தடுக்கப் பாடுபடும் லலபை ட்ரஸ்ட் என்னும் நிறுவனம், முதற் பன்னிரண்டு மாதமும் பிள்ளையை மல்லாத்தி, உறுதியான மெத்தையில், பொம்மையோ தலையணையோ இல்லாத வெறுந்தொட்டிலில் உறங்கவைக்கச் சொல்கிறது. ஆகவே எண்காலி பிள்ளை விழித்திருக்கும்போது, பெரியவர் பார்த்திருக்க விளையாடுவதற்கு மட்டுமே. உறங்கும்போது அது அலுமாரி மேலே இருக்கட்டும். அம்மம்மா பின்னியதாயிற்றே என்று தொட்டிலுக்குள் வைக்கலாகாது.

விற்பதற்குச் செய்வோர், 2011ஆம் ஆண்டின் விளையாட்டுப் பொருட் பாதுகாப்பு விதிகள் வீட்டிலிருந்து செய்து வியாபாரம் பண்ணுவோரையும் கட்டுப்படுத்தும் என்பதை அறிய வேண்டும். தத்தம் பகுதி உள்ளூராட்சி சபையின் வர்த்தகத் தராதரப் பிரிவில் விசாரித்துக்கொள்வது நன்று.

எல்லாம் முடிந்தபின் மூன்று சோதனைகள் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தலையை இருபுறமும் இழுத்துப் பார்க்க வேண்டும், பஞ்சு தெரியலாகாது. சுண்டுவிரலை எந்தத் தையலுக்கிடையிலும் நுழைத்துப் பார்க்க வேண்டும், நுழையலாகாது. எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பலங்கொண்டு இழுத்துப் பார்க்க வேண்டும், அசையலாகாது. ஒன்றிலேனும் தவறினால் அவிழ்த்துவிடுக. குறோசே ஒரு நூலை இழுத்தாலே அவிழ்ந்துவிடும். அதே நூல் மீண்டும் உதவும். நட்டம் ஒரு மாலைப்பொழுது மட்டுமே.