விலையைக் குறைப்பதா, வாடிக்கையைக் காப்பதா?



மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் இப்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, பக்கத்துல பெரிய கடை வந்துருச்சு. அவங்க விலைக்கு நாம கொடுக்க முடியுமா?" இந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் தவறான பதில் சொன்னேன். அதனால் ஒரு குடும்பம் நொடித்தது. அந்த அனுபவத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பெரிய கடைக்கு விலை எப்படிக் கட்டுப்படியாகிறது?

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் ஐந்து மூட்டை துவரம் பருப்பு எடுக்கிறோம். அவர்கள் ஆலையிலிருந்து நேரடியாக லாரி லாரியாக எடுக்கிறார்கள். இடையில் என்னைப் போன்றவனுக்குச் சேர வேண்டிய லாபமும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் அவர்களுக்கு மிச்சம். சோப்பு, பற்பசைக் கம்பெனிகள் அவர்களுக்குத் தனித் தள்ளுபடி தருகின்றன. கண்ணில் படும் இடத்தில் சரக்கை அடுக்கி வைப்பதற்கும் பணம் தருகின்றன. வாடிக்கையாளரே கூடையில் எடுத்துப் போட்டுக்கொள்வதால் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஆள் செலவும் குறைகிறது.

அதோடு, அவர்கள் எல்லாவற்றையும் குறைத்து விற்பதில்லை. சர்க்கரை, எண்ணெய், பருப்பு என்று பெண்களுக்கு விலை மனப்பாடமாகத் தெரிந்த சில சரக்குகளை மட்டும் அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ விற்று, அதைப் பெரிதாக எழுதிப் போடுகிறார்கள். அதற்காக உள்ளே வருபவர் பிஸ்கட், பிளாஸ்டிக் சாமான், துணி என்று வாங்கும்போது விட்ட லாபம் திரும்பி வந்துவிடுகிறது. நம் கடையில் அப்படி ஈடுகட்ட வேறு சரக்கு ஏது?

ஒரு சிறு கணக்கு

ஒரு கடையில் 100 ரூபாய் விலையுள்ள சரக்கு மாதம் 3,000 உருப்படி விற்பதாக வைத்துக்கொள்வோம். வியாபாரம் 3 லட்சம். உருப்படிக்கு 10 ரூபாய் நின்றால் 30,000 ரூபாய். வாடகை, மின்கட்டணம், வேலையாள் சம்பளம், சேதாரம் எல்லாம் 18,000 போனால் வீட்டுக்கு 12,000.

இப்போது போட்டிக்காக 95 ரூபாய்க்கு விற்கிறோம். உருப்படிக்கு 5 ரூபாய்தான் நிற்கும். அதே 3,000 உருப்படி விற்றால் கிடைப்பது 15,000. செலவு 18,000. கையிலிருந்து 3,000 போகிறது. பழைய 12,000-ஐ வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் 6,000 உருப்படி விற்க வேண்டும். விலையில் 5 ரூபாய் குறைத்ததற்கு வியாபாரம் இரண்டு மடங்காக வேண்டும். நம் தெருவில் வீடுகள் இரண்டு மடங்காகப் போவதில்லை.

விலைக் குறைப்பையே நம்பி நின்ற பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, குறைந்த விலை என்ற ஒன்றையே முன்வைத்து நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகள் வரை வளர்ந்தது. கைப்பணம் வறண்டு, சரக்குக்கும் சம்பளத்துக்கும் வாடகைக்கும் கொடுக்க முடியாமல் 2009-இல் கடைகளை மூடியது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் நமக்குச் சொல்ல வேண்டுமா?

நான் செய்த தவறு

திருமங்கலம் பக்கம் ஒரு கடைக்காரர் என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு எடுத்தவர். அவர் கடைக்கு அருகில் பெரிய கடை வந்ததும் ஓடிவந்தார். "நீங்களும் குறைச்சுக் கொடுங்க தம்பி, ஆறு மாசம் தாக்குப்பிடிச்சா ஜனங்க திரும்பி வந்துருவாங்க" என்று தைரியம் சொன்னவன் நான்தான். 15 நாள் தவணையை 45 நாளாக்கினேன். என் சரக்கும் ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

அவர் குறைத்து விற்றார். நட்டத்தை ஈடுகட்ட முதலில் வேலையாளை நிறுத்தினார். வீட்டுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நின்றது. பிறகு மதியம் சாப்பிடப் போகும்போது கடையைப் பூட்டினார். அடுத்து முதல் தரப் பருப்பில் இரண்டாம் தரத்தைக் கலந்தார். "இது வேகவே மாட்டேங்குது" என்று பழைய வாடிக்கைகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். விலைக்காகப் போனவர்கள் திரும்பவில்லை. அவரை நம்பி இருந்தவர்களும் போய்விட்டார்கள். ஒன்றே கால் ஆண்டில் கடை மூடிவிட்டது.

மனைவியின் நகையை விற்றுக் கடைசித் தவணையைக் கொடுக்க வந்தவர், "அன்னைக்கு நீங்க கடனுக்குச் சரக்கு இல்லைன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன் அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. விலைக் குறைப்புக்காக ஒருவர் எதையெல்லாம் விட்டாரோ, அவைதான் அவர் கடைக்கு ஆள் வந்ததற்குக் காரணமாக இருந்தவை. இதை மொத்த வியாபாரிகளும் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறைகள்

பெரிய கடையில் சேவை இல்லை என்று நாம் பேசிக்கொள்வது சரியல்ல. அங்கே கேட்காமலே ரசீது கிடைக்கிறது. கெட்ட சரக்கை மாற்றித் தருகிறார்கள். பொருளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நாம் என்ன செய்கிறோம்? சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிறோம். விலை கேட்டால், "வாங்குறதுன்னா கேளுங்க" என்கிறோம். தராசைத் திருப்பி வைக்கிறோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும் என்பதையே சிலர் மறந்துவிடுகிறார்கள். தெரிந்த முகம் என்பதற்காக மட்டும் யாரும் நம்மிடம் வரமாட்டார்கள்.

செய்யக் கூடியவை

மேலூர் பக்கம் ஓர் அம்மா கணவருக்குப் பின் கடையை நடத்துகிறார். அங்கும் பெரிய கடை வந்தது. அவர் கடை நிற்கிறது. அவர் செய்வதைக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை.

1. விலை எல்லோருக்கும் தெரிந்த ஐந்தாறு சரக்கில் மட்டும் பெரிய கடையை ஒட்டி விலை வைக்கிறார். மற்றவற்றில் நியாயமான லாபத்தை விடுவதில்லை.

2. பருப்பில் இரண்டு தரம் வைத்து, எது எந்தத் தரம் என்று சொல்லியே விற்கிறார். கலப்பதில்லை.

3. 50 கிராம் சீரகமானாலும் வாடிக்கையாளர் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுக்கிறார். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து விவரம் அச்சிட்டு வரும் அரிசி, பருப்புக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டபோது, மூட்டையிலிருந்து அளந்து கொடுப்பதற்கு வரி போடவில்லை. தேவையான அளவு மட்டும் வாங்குவோருக்கு இடம் நம் கடைதான்.

4. காலை ஐந்தரைக்குக் கடை திறந்திருக்கும். சொன்ன நேரத்துக்கு மாறியதில்லை.

5. வண்டு விழுந்த சரக்கு என்று கொண்டுவந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறார். அதை என்னிடம் கொடுத்து அவரும் மாற்றிக்கொள்கிறார்.

6. கடனுக்கு வரம்பு வைத்திருக்கிறார். கடனும் ஒருவகை விலைக் குறைப்புதான். 1,000 ரூபாய்ச் சரக்கில் 100 ரூபாய் லாபம் என்றால், இரண்டு ரூபாய் வட்டிக் கணக்கில் மாதம் 20 ரூபாய் கரையும். மூன்று மாதம் இழுத்தால் 60 ரூபாய் போய்விடும். அதனால் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும், மறுமாதம் 5-ஆம் தேதிவரைதான்.

சேவைக்கும் செலவு உண்டு என்பதை அந்த அம்மா அறிந்திருக்கிறார். எதை இலவசமாகச் செய்வது, எதைச் செய்யாமலிருப்பது என்று கணக்குப் போட்டே செய்கிறார்.

ஆகவே வணிகர்களே, பெரிய கடை வந்ததும் விலைப் பலகையை அழித்து எழுத அவசரப்பட வேண்டாம். அன்றிரவு கல்லாவை எண்ணியபின் ஒரு தாள் எடுத்து, உங்கள் கடைக்கு வரும் இருபது குடும்பங்களை எழுதி, ஒவ்வொருவரும் எதற்காக உங்களிடம் வருகிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தக் காரணங்களைக் காப்பாற்றப் பணம் செலவானால் செலவழியுங்கள். இன்று யாராவது என்னிடம் வந்து விலையைக் குறைக்கக் கூடுதல் தவணை கேட்டால், முதலில் அந்தத் தாளைத்தான் கேட்கிறேன்.