மேட்டூர் திறந்தாச்சா?

திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் அத்தை வீடு. வயசு எழுபத்தெட்டு. மாமா போன பிறகு ஆறு மா நிலத்தையும் (இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒண்டி ஆளாகப் பார்த்துக்கொண்டவர். பி.காம். படித்த நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் நடவுக் கூலியை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொல்லிவிடுவார்.

போன வருஷம் ஆடிப்பெருக்குக்குப் போயிருந்தேன். ஆறு நிறையத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏந் தம்பி, மேட்டூர் திறந்தாச்சா?"

பகீரென்றது. ஜூன் 12-ஐ எதிர்பார்த்து நாற்றங்காலுக்கு நாள் குறிக்கிற ஆள், ஆகஸ்டில் கேட்கிற கேள்வியா இது?

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அடிப்பிடித்துக் கரியான பால் பாத்திரம். பிரிக்காத பிரஷர் மாத்திரை அட்டை. கணக்கு நோட்டில் ஒரே நடவுக் கூலி இரண்டு தரம் பற்று எழுதப்பட்டிருந்தது. (என் கண்ணுக்கு முதலில் இதுதானே தெரியும்!)

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான்.

இந்த வசனம்தான் சார் வில்லன்! மறதி எல்லாமே முதுமையும் இல்லை, அல்சைமரும் இல்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. முதியவர்களுக்குத் தனி வைத்தியம் வேண்டும் என்றுதான் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே சென்னை பொது மருத்துவமனையில் அதற்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்.

சரி, அத்தையிடம் எப்படிச் சொல்வது? முதல் நாள் சொதப்பினேன்.

"அத்தே, இனிமே நீங்க தனியா இருக்க வேணாம்."

"அப்ப நெலத்த என்ன பண்ணப் போறீங்க?"

நம் பக்கத்தில் 'கவனிப்பு' என்றால் பெரியவர்கள் காதில் 'பத்திரம்' என்றுதான் விழும். தப்பும் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இதற்காகவே. பார்த்துக்கொள்வதாக வாங்கிவிட்டுக் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது உத்தமம்.

மறுநாள் வேறு மாதிரி ஆரம்பித்தேன். "நெலம் உங்க பேர்லயே இருக்கட்டும் அத்தே. கையெழுத்து ஒண்ணும் வேணாம். ராத்திரி தனியாப் படுக்கப் பயமா இருக்கா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மழை பேஞ்சா பயமா இருக்கு தம்பி" என்றார்.

தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை செய்தோம். பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். மறதி கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. மீதிக்கு இன்னும் டாக்டரிடம் போய் வருகிறோம். மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், ராத்திரி துணைக்குப் படுக்கவும் அடுத்த தெரு அம்மா ஒருவர் வருகிறார்.

அவர் கேட்டது மாசம் நாலாயிரம். அத்தை பேரம் பேசி மூவாயிரத்து ஐநூறுக்கு முடித்தார். கணக்கு நோட்டைப் புரட்டினேன். ஒரே ஒரு தரம்தான் எழுதியிருந்தது.