முதியோர் இல்ல அறையில் மின்சாதனங்கள்: நீங்கள் பார்க்க வேண்டியவை

முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவையோ தாத்தாவையோ பார்க்கப் போகும்போது, "ராத்திரி குளிருச்சுன்னா வெந்நீர் வெச்சுக்கோங்க" என்று ஒரு கெட்டில் வாங்கிக் கொடுக்கிறோம். அன்பாகக் கொடுப்பதுதான். ஆனால் அது எந்த பிளக்கில் மாட்டப்படுகிறது என்று பார்க்கிறோமா? அறையில் புகை வந்தால் நாம் எழுந்து ஓடிவிடுவோம். படுத்த படுக்கையாக இருப்பவரால் கதவு வரைகூடப் போக முடியாது.

பிளக் தாங்குமா?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1,500 வாட் கெட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் போர்டில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. அதில் மாட்டினால் பிளக் சூடாகி உருகலாம். இதுபோன்ற சாதனங்களை 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் மட்டுமே மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டவே வேண்டாம். வெந்நீரை ஊழியர்களே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது.

கட்டிலைச் சுற்றி

• காற்று மெத்தையின் மோட்டார் ஒயர், கட்டில் காலுக்கு அடியில் நசுங்குகிறதா என்று குனிந்து பாருங்கள்.
• செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடக் கூடாது.
• ஆக்சிஜன் கருவியை நேராகச் சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி கூடாது.
• ஒயர் நடைபாதையில் கிடந்தால் கால் தடுக்கி விழுவார்கள்.

"எம்.சி.பி. இருக்கே, போதாதா?"

போதாது. எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வகை வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்களா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். அழுத்தியதும் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும். ஆக்சிஜன் கருவியில் இருப்பவருக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே சோதிக்க வேண்டும். எர்த் இணைப்பையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்ப்பது அவசியம்.

ஷாக் அடித்தால்

பதறிப்போய்த் தொட்டுவிடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். தீ என்றால் 101. மின்தடை, மின்கம்பிப் பிரச்சினைகளுக்கு மின்னகம் 94987 94987. சொல்லியும் இல்லத்தில் சரிசெய்யவில்லையா? முதியோர் உதவி எண் 14567-ல் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை போகும்போது பழம், பிஸ்கட்டோடு ஐந்து நிமிஷமும் ஒதுக்குங்கள். கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.