இரவில் இறங்கும் பேட்டரி: அன்றும் இன்றும்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுப்பதில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும். அம்பாசடர் வைத்திருந்தவரும் இதைக் கேட்டிருக்கிறார், இன்று புது வண்டி வைத்திருப்பவரும் கேட்கிறார். அன்று டிக்கியில் கிடந்த இரும்பு ஹேண்டிலை முன்பக்க ஓட்டையில் செருகிச் சுற்றினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் நாலு பேர் தள்ளினால் போதும். இன்றைய வண்டியில் அந்த ஓட்டையே கிடையாது. ஆட்டோமேட்டிக் என்றால் தள்ளியும் பயனில்லை. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

கிளப்பிவிடலாம். ராத்திரியோடு ராத்திரியாகச் சார்ஜ் எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலையின் இயல்பே மாறிவிட்டது.

அன்றைய வண்டியை அணைத்தால் அணைந்ததுதான். சாவியை எடுத்த பிறகு சொட்டு மின்சாரம் ஓடினாலும் அது கோளாறு. வயரிங் கடைக்காரர் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி, கேபிளை மெல்ல அதன்மேல் தொடுவார். பொறி பறந்தால் லீக் உண்டு. அடுத்து டெஸ்ட் லேம்ப்: ஹோல்டரில் ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர். அதைக் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மாட்டுவார். பளிச்சென்று எரிந்தால் பெரிய லீக், மங்கினால் சின்னது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஃப்யூஸ்கள். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதில் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் குற்றவாளி. தோல் உரிந்து பாடியில் உரசும் வயராக இருக்கும், அல்லது கதவை மூடியும் அமுங்காத உள்விளக்குச் சுவிட்சாக இருக்கும். டைனமோ வண்டிகளில் கட்-அவுட்டையும் சந்தேகிப்பார்கள். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், இஞ்சின் நின்ற பிறகு பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்கே திரும்பிப் பாயும்.

இன்றைய வண்டி அணைவதில்லை, உறங்குகிறது. பூட்டிவிட்டு நாம் போன பிறகும் உள்ளே இருக்கும் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அடங்கும். அதற்கு அரை மணி நேரம் ஆகலாம், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட. எல்லாம் அடங்கிய பின்னும் 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை ஓடிக்கொண்டிருக்கும். அது கோளாறு அல்ல. அன்று கேட்ட கேள்வி, லீக் இருக்கிறதா இல்லையா. இன்று கேட்பது, எவ்வளவு, எத்தனை நேரம் கழித்து.

அதனால் கைவேலை குறைந்து காத்திருப்பு கூடிவிட்டது. டெர்மினலைக் கழற்றினாலே கணினிகள் புதிதாக விழித்துக்கொள்ளும். தேடி வந்த கோளாறு அந்த நிமிடமே மறைந்தும் போகலாம். ஆகவே கேபிளைக் கழற்றாமல் அதைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டுகிறார் இன்றைய எலக்ட்ரீசியன். திறந்திருக்கும் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, கதவு மூடியதாக வண்டியை நம்பவைக்கிறார். ரிமோட் சாவியைத் தூரத்தில் வைக்கிறார். மீட்டரில் சில ஆம்பியர் ஒன்றாகும், பிறகு அரையாகும், நல்ல வண்டி என்றால் 0.03க்கு வந்து நிற்கும். 0.4லேயே நின்றுவிட்டால் ஏதோ ஒன்று உறங்கவில்லை. அப்போதும் ஃப்யூஸைப் பிடுங்குவதில்லை. ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்க்கிறார். பூஜ்யம் காட்டாத ஃப்யூஸ் வழியாக மின்சாரம் ஓடுகிறது. அதைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் கம்பெனி போட்ட வயரில் அல்ல, பின்னால் சேர்த்த டேஷ்கேமிலோ, ஜிபிஎஸ் கருவியிலோ, வயர் மாற்றிக் கொடுத்த ஸ்டீரியோவிலோ போய் முடிகிறது.

ஒரு பழைய சோதனை மட்டும் வேறு உருவில் பிழைத்திருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டயோடு கெட்டிருக்கிறது. கட்-அவுட் செய்த குற்றத்தை இன்று டயோடு செய்கிறது. கையால் தொட்டு அறியும் வித்தை இன்னும் செல்லுபடியாவதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

லாபமும் சிறிதல்ல. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஹைட்ரோமீட்டரில் 1.28 ஏறியதா என்று பார்த்து, ஆசிட் தெறித்து சட்டையில் ஓட்டை விழுந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஹெட்லைட்டை மறந்துவிட்டு இறங்கினால் இன்று வண்டியே கத்துகிறது. அந்த ஒரு மறதி அன்று எத்தனை பேட்டரிகளைக் கொன்றது!

ஆனால் கோளாறே இல்லாமல் பேட்டரி இறங்குவது இன்றைய வண்டிக்கே உரியது. 50 மில்லிஆம்ப் என்பது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியை ஒரு மாதத்தில் காலியாக்க அதுவே போதும். 2020 ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் எழாமல் போனதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதுமான காரணம். அடுக்ககத்தில் வாரம் முழுக்க நின்று, ஞாயிறன்று கோயில்வரை போய்வரும் வண்டிக்கும் இதே கதிதான். அந்தச் சின்னப் பயணத்தில் இழந்தது திரும்ப ஏறுவதில்லை.

அன்றைய கடைக்காரர் உரிந்த வயரைக் கையில் காட்டிக் கூலி வாங்கினார். இன்றைய எலக்ட்ரீசியன் ஒரு மாலை முழுக்க மீட்டர்முன் உட்கார்ந்துவிட்டு, “லீக் எதுவும் இல்ல சார், வாரத்துல ரெண்டு நாள் நல்லா ஓட்டுங்க” என்கிறார். காட்டுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. எதையும் மாற்றவில்லையே என்று அவரிடம் பேரம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முழுக்கூலியும் அவருக்குச் சேர வேண்டியதுதான்.