சக்கர நாற்காலியும் ஆடலும்

எம் கடற்கரைப் பகுதியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவிலே மாணவியர் கும்மி ஆடினர். பிறவியிலேயே கால் வலுவற்ற என் சிற்றப்பன் மகள் மட்டும், விருந்தினர்க்கு அளிக்கும் பூச்செண்டுடன், தன் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருத்தப்பட்டாள். அவள் தாளந் தவறாது நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்ததை யான் கண்டேன், கண்டும் வாளாவிருந்தேன். மாற்றுத் திறனாளிகளும் ஏனையோரும் ஒருங்கே ஆடும் புத்தாடலைப்பற்றி யான் கற்கப் புகுந்தது அதன் பின்னரே.

செலஸ்ட் டாண்டெக்கர் என்னும் ஆங்கில நங்கை 1973ஆம் ஆண்டு மேடையில் ஆடுகையில் விழுந்து, தண்டுவடம் ஊறுபட்டு, நடக்கும் ஆற்றலை இழந்தார். இந்திய மரபினரான தர்ஷன் சிங் புல்லர் அவரை மீண்டும் ஆடுவித்து 1990இல் ஒரு படம் ஆக்கினார். மறு ஆண்டே டாண்டெக்கர், ஆடம் பெஞ்சமின் என்பாருடன் கூடிக் 'கேண்டோகோ' குழுவை நிறுவினார். நம் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையில், சுனேத்திரா பண்டாரநாயக்க 2000இல் தொடங்கிய சுனேரா அறநிலையத்தின் முயற்சியால், போரில் உறுப்பிழந்த வீரரும் பிறரும் ஒரே மேடை ஏறினர்.

இவ்வாடலின் உயிர் பாரந்தாங்கலே. ஒருவர் தம் உடற்பாரத்தை மற்றவர்மேற் சாய்ப்பர். அவர் தாங்கித் தம் பாரத்தைத் திரும்பச் சாய்ப்பர். தூத்துக்குடியில் 1961உடன் நின்றுபோன முத்துக்குளிப்பை முதியோர் சொல்லக் கேட்டவர்க்கு இது புதிதன்று. கல்லின் பாரத்தால் கீழிறங்கியவன் கயிற்றை அசைத்ததும், தோணியில் இருப்பவன் அவனை இழுத்துயர்த்துவான். பிறன் கையை நம்பியதால் குளிப்போனை வலுவிலான் என்றார் எவருமிலர்.

காலடியும் அரைமண்டியும் இன்றிப் பரதம் உண்டோ எனச் சிலர் வினவுவர். சையது சலாவுதீன் பாஷாவின் குழுவினர் சக்கர நாற்காலியிலேயே பரதம் ஆடிக் காட்டினர். கையும் கண்ணும் கழுத்தும் தம் தொழிலைச் செய்யும். ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளின், நாற்காலி நின்ற இடத்திலேயே சுழலும். ஒருமுறை வலிந்து உந்தின் அரங்கின் குறுக்கே நெடிது வழுக்கிச் செல்லும். இவ்வழுக்கல் வெறுங்காலால் ஆடுவார்க்குக் கிட்டாதது. இதனைக் கண்டு சபையோர் இரக்கத்தாற் கைதட்டுவரேல், என் கருத்தில் அஃது ஆடுவோர்க்கு இழுக்கே. பிழை நேரின் பிழையென்றே சொல்லுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தங்கையிடம் கூறி, "அடுத்த விழாவில் உன்னை நடுவில் இருத்திச் சுற்றிக் கும்மியடிக்கச் சொல்வோமா?" என்றேன்.

"நடுவிலே வைத்தால் நானும் குத்துவிளக்குதான், அண்ணே. வட்டத்திலேயே எனக்கும் ஓர் இடம் விடச் சொல்லுங்கள்" என்றாள்.